ஒப்படைப்புக்கு முன்

ஆறுக்கு நாலடிப் பழைய குளியலறை. விசாலமாகத் தெரிய, அதைப் புதுப்பிக்கும் வேலையெடுத்த நிறைமதி ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தாள். இடம் மிச்சமாக நகரும் கதவு வைத்து, கமோடைத் தரைபடாமல் சுவரில் தொங்கவிட்டாள்.

"அடேங்கப்பா! ஹால் மாதிரி இருக்கேம்மா!" காபி குடித்த வேகத்தில், வயிற்றைத் தடவியபடி நுழையப் போனார் வீட்டுக்காரர் ராஜகோபாலன்.

"இருங்க சார். சாவி குடுக்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் போய்ப் பாக்கணும். எங்க வழக்கம்."

வாசல் ஆட்டோவிலிருந்து அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். பதினோரு வருடம் இதே கழிப்பறையைத் தேய்த்துக் கழுவியவள். அவசரத்துக்குக்கூட அனுமதி கிடைக்காமல் ரயிலடிப் புதருக்கு ஓடியவள்.

ராஜகோபாலன் முகம் மாறியது. "இது... நம்ம சம்பூரணமில்ல?"

"ஆமா சார். நீ போம்மா, நிதானமா வா. சார் காத்திருப்பாரு."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.