ஏரிக்கரையில் தூங்கிய வண்டி

"டேய், கதவை அப்படி அறையாதே! லேசா விடு, அதுவே மூடிக்கும்."

போஸ்ட்மேன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். கதவு தானாக மூடிக்கொண்டது. ஓட்டுகிறவன் முகத்தில் தலைப்பிள்ளை பெற்ற பூரிப்பு.

ஓட்டுகிறவனுக்கு 'ஸ்டியரிங்' என்று பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வண்டி ஓட்டியவன். இன்று மருந்துக் கடை முதலாளி. வாங்கி எட்டு மாதமான மின்சாரக் காரை இன்னும் தினம் இரண்டு வேளை துடைக்கிறான். கல்யாணமான புதிதில் பெண்டாட்டியைக்கூட இப்படித் தாங்கியதில்லை.

போஸ்ட்மேன் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன். பதினெட்டு வருஷமாகச் சின்ன ஊர் ஒன்றில் நடந்தே தபால் கொடுக்கிறவன். இந்த நகரத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஒரே ஒரு நாள் லீவு, ஏழு மணிக்கு ரயில்.

"எனக்கு உங்க ஊர் ஏரியைச் சுத்தி நடந்தா போதும்டா. அதோட படம் போட்ட வாழ்த்து அட்டையை வருஷாவருஷம் அடுத்தவன் வீட்டுல கொடுத்துட்டு வர்றேன். ஒரு தடவை நானே நேர்ல பாக்கணும்."

"ஏரி எங்கே ஓடிடப் போகுது? முதல்ல வண்டியைப் பாரு!"

வாசலில் நின்ற ஸ்டியரிங்கின் மனைவி குனிந்து சொன்னாள்: "அண்ணா, நீங்களாவது எங்கேயாவது இறங்கிடுங்க. நானும் பொண்ணும் எட்டு மாசமா இவரோட ஊர் சுத்துறோம். இன்னும் செருப்பே தேயல."

"அவ கிடக்கா. உன் போனைக் கொடு." ஸ்டியரிங் அதைப் பிடுங்கி எதையோ தட்டினான். "விருந்தாளிச் சாவி போட்டிருக்கேன். இனி நீயும் இந்த வண்டிக்கு முதலாளி! இதை நீ யாருக்கு வேணா அனுப்பலாம். உங்க தபால் மாதிரி ஒட்ட வேண்டாம், முத்திரை குத்த வேண்டாம்."

"எனக்கு எதுக்குடா இந்த வம்பு?"

"ஊர்ல காட்டுடா. வயிறு எரிவானுங்க."

ஊர்வலம் கிளம்பியது.

மணிக்கூண்டு வந்தது. போஸ்ட்மேன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"வெளியே என்னத்தைப் பாக்கறே? திரையில பாரு. நாலு கேமரா! மேல உக்காந்திருக்கிற புறா வரைக்கும் தெரியும்."

அருங்காட்சியகம் வந்தது. "உள்ளே என்ன இருக்கு, உடைஞ்ச பானை. இங்கே பாரு, சீட்டுக்குள்ள இருந்தே காத்து வருது. திருடன் ஓட்டிட்டுப் போனாலும் சாவி வெச்சிருக்கிறவன் வீட்டுல இருந்தபடி வண்டியைத் தூங்க வெச்சிடலாம். மழை வந்தா வைப்பருக்கே தெரியும். இருக்கு இருக்கு, இன்னும் இருக்கு..."

போஸ்ட்மேனுக்குக் கழுத்து வலித்தது. பசியும் எடுத்தது. வண்டி தன் புகழைக் கேட்டுக்கொண்டே வழுக்கிக்கொண்டு போனது.

ஒருவழியாக ஏரி. வண்டி தானாகவே இரண்டு கார்களுக்கு நடுவில் பின்வாங்கி நின்றதை ஸ்டியரிங் கைதட்டி ரசித்தான்.

"இறங்கலாமாடா?"

"இந்த வெயில்லயா? பைத்தியமா உனக்கு? பார்த்தாச்சுல்ல, கிளம்பலாம்."

போஸ்ட்மேன் போனை எடுத்து மணி பார்த்தான். இரண்டரை.

ஸ்டியரிங் பொத்தானை அழுத்தினான். வண்டி கிளம்பவில்லை. மறுபடி அழுத்தினான். திரையில் ஒரே வரி: 'வாகனம் ஓய்வில் உள்ளது.'

தட்டினான், தடவினான், செல்லமாகக் கெஞ்சினான். கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் பாடியது. சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "பெட்ரோல் தீந்துடுச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். மின்சார வண்டிக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது! ஸ்டியரிங்கின் மானம் கப்பலேறியது.

"என்னடா ஆச்சு?" என்றான் போஸ்ட்மேன் அப்பாவியாக.

"ஒண்ணும் ஆகல. இது... ஓய்வு வசதி. உயர்ந்த வண்டியில மட்டும்தான் இருக்கும். தனக்கு எப்ப ஓய்வு வேணும்னு அதுக்கே தெரியும்."

"அதுவரைக்கும் நாம?"

ஸ்டியரிங் வேறு வழியில்லாமல் இறங்கினான்.

முதல் பத்து நிமிஷம் முனகினான். பாலத்தில் ஏறியதும் காற்று அடித்தது, முனகல் குறைந்தது. படித்துறையில் இருவரும் காலை நனைத்துக்கொண்டு, கணக்கு வாத்தியாருக்குப் பயந்து சுவர் ஏறிக் குதித்த கதையைப் பேசிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். போஸ்ட்மேன் ஏரியை முழுசாக ஒரு சுற்று நடந்தான். மனசு நிறைந்துவிட்டது அவனுக்கு.

ஐந்தரைக்குத் திரும்பி வந்து அழுத்தினால், வண்டி சமர்த்தாகக் கிளம்பியது.

"சொன்னேன் பாத்தியா!" என்று ஸ்டியரிங் எகிறிக் குதித்தான்.

நண்பனை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவன், செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டான். "இவ்வளவு நாளா இப்படி ஒரு வசதி இருக்குன்னே தெரியாம இருந்திருக்கேன்! மூணு மணி நேரம் ஓய்வெடுத்துட்டுப் பூ மாதிரி ஓடுது!"

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"நடந்தோம். கால் பிச்சுக்கிட்டுப் போகுது. ஆனா... நல்லாத்தான் இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை எங்களையும் கூட்டிட்டுப் போங்களேன்."

"போலாம். ஆனா நடக்கிற ஆசையெல்லாம் வேண்டாம். வண்டி எப்ப ஓய்வெடுக்கும்னு மனுஷனால சொல்ல முடியாது."

"அதுவும் சரிதான்" என்றபடி அவள், அப்போதுதான் சிணுங்கிய தன் போனைப் பார்த்தாள். ரயிலில் இருந்து போஸ்ட்மேன்:

"தங்கச்சி, சாவியை உங்க போனுக்கு அனுப்பியாச்சு. சிவப்பை அமுக்கினா வண்டி தூங்கும், பச்சையை அமுக்கினா முழிச்சுக்கும். நான் மூணு மணி நேரம் கழிச்சு அமுக்கினேன். நீங்க உங்க இஷ்டம்."