அடுப்புக்குக் கீழே தண்டவாளம்

திருவொற்றியூர்க் குப்பத்தில் பழைய கூட்ஸ் ரயில் பாதையைத் தேடி வந்த அதிகாரியிடம், "இங்க ரயிலே ஓடல சார்" என்று எல்லோரும் கைவிரித்தார்கள்.

மீன் விற்றுவிட்டு அப்போதுதான் திரும்பிய கோவிந்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய ஊர் என்று காட்டினால்தானே பட்டா கிடைக்கும்?

"இன்னா சார், எம் வூட்டாண்ட வா. அடுப்புக்குக் கீயவே தண்டவாளம் கீது. கூட்ஸு வண்டி நின்ன நாள்லேர்ந்து நாங்க இங்கதான்!"

அவர் தரையைச் சுரண்டிப் பார்த்துச் சிரித்தார். சுவரில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போனார். வேறு எந்த வீட்டிலும் எழுதவில்லை. பூரித்துப்போன கோவிந்தம்மா அந்த எண்ணுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

பக்கத்து வீட்டு நர்மதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ யக்கா, லைன் எடத்தத் திருப்பி எடுக்க வந்தவன் அவன். இடிக்கப் போற வூட்டுக்கா பொட்டு வச்சிகீற?"