தூதுவளைப் பாத்தியில் ஒரு மைனாக் குஞ்சு

கிளி நடத்திய பள்ளியில் பாடத்தைத் தப்பாக ஒப்பித்துக் கொத்து வாங்கிய நாளிலிருந்து மைனாக் குஞ்சு பேசுவதையே நிறுத்திவிட்டது. பயந்துபோன தாய் மைனா, அதை முயலின் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டது. அங்கே காட்டு உயிர்கள் எல்லாம் கூடி மூலிகை பயிரிட்டு வந்தன.

முயல், மைனாக் குஞ்சிடம் ஒன்றும் கேட்கவில்லை. தூதுவளைப் பாத்தியைக் காட்டி, "இதைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னது.

தாய் மைனா தினமும் வேலியில் வந்து உட்காரும். "ஏதாவது பேசினாளா?"

"இன்னிக்கு இலையெல்லாம் பார்த்துப் பார்த்துப் புழு பொறுக்கினா. நல்லா சாப்பிட்டா" என்று முயல் சொல்லும்.

மழைக்காலத்தில் காட்டில் பாதிப்பேருக்கு இருமல் வந்தது. அப்போது ஒருநாள், ஆடு ஒன்று வேலிக்குள் தலையை நுழைத்துத் தூதுவளையை மேயத் தொடங்கியது.

"அது இருமல்காரங்களுக்கு வெச்சிருக்கு. தலையை எடு."

ஆடு திடுக்கிட்டுப் பார்த்தது. பாத்தி நடுவே குஞ்சு சிறகை விரித்து நின்றது.

"எனக்குப் பசிக்குதே" என்றது ஆடு.

"அந்தப் பக்கம் அருகம்புல் இருக்கு. வா, காட்டறேன். ஓரத்துல இருக்கிறது இளசு. ஈரமா இருக்கும், உதறிட்டுத் தின்னு..."

குஞ்சு பேசிக்கொண்டே போனது. வேலியில் இருந்த தாய் மைனா, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தது.