முகத்துக்கு நேரே

"நீங்கள் சுவிஸ்காரர் எங்களை மனிசராய் மதிக்கிறேல்லை."

இந்த ஒரு வரியை ஜெர்மன் மொழியில் சொல்ல மூன்று கிழமையாய்ப் பயிற்சி எடுத்திருந்தான் சண்முகலிங்கம்.

"முகத்தைப் பார்த்துச் சொல்லோணும். பிறகு வந்து என்னட்டைப் புறுபுறுக்கக் கூடாது," என்றாள் மனைவி சிவகலா.

இன்டர்லாக்கன் நகரத் தேவாலய மண்டபத்தில் அன்று நிறவெறி பற்றிய கலந்துரையாடல். மனத்தில் உள்ளதை நேருக்கு நேர் கொட்டிவிடுங்கள் என்று பாதிரியார் எல்லாரையும் அழைத்திருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவன் வேலை செய்யும் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர். கோப்பை கழுவும் சண்முகலிங்கத்தை இரண்டு வருடமாக "ஏய், தமிழ்" என்றே கூப்பிடுகிறவர்.

முறை வந்ததும் எழுந்தான். நாக்குத் தடுமாறவில்லை. பாடமாக்கிய வரியை அவர் முகத்துக்கு நேரே சொன்னவன், அதோடு நிற்கவும் இல்லை.

"உங்களுக்கு இது சொந்த நாடு எண்ட திமிர். எனக்கும் ஒரு பேர் இருக்கு, தெரியுமோ?"

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சமையல்காரர் எழுந்து வந்தார். வேலை போச்சு என்று நினைத்து முடிப்பதற்குள், அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நான் இத்தாலிக்காரன். இருபத்தைஞ்சு வருசமாய் இஞ்சை இருக்கிறன். என்னைச் சுவிஸ்காரன் எண்டு சொன்ன முதல் ஆள் நீதான்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"நாளைக்கு முதலாளிக்கு முன்னாலையும் ஒருக்கால் இப்பிடியே திட்டுவியோ, சண்... முக... லிங்கம்?"