கட்டினது யார்?

"உங்களைக் கட்டினது யாரு? பயப்படாம பேரைச் சொல்லுங்கோ."

கட்டிலில் உட்கார்ந்திருந்த முத்தாரம்மாள் தலையை ஆட்டினாள். இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது.

"பேரு சொல்லப்பிடாது சாமி."

சேஷனுக்கு ரத்தம் கொதித்தது. பேரைக்கூடச் சொல்லவிடாமல் ஒரு கிழவியை இப்படியா மிரட்டி வைப்பான் ஒருத்தன்!

சேஷன் ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவர். ஆரியசாலைக்குப் பின்னால் இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு இப்போது அவர்தான் கமிட்டி இன்ஸ்பெக்டர். சட்டம் என்றால் சட்டம். பொய்யாக ஒரு வரி எழுதினால் கை அழுகிவிடும் என்று நம்புகிற ரகம். 'நாதியற்றவர்களுக்கு மாத்திரம். உற்றார் உள்ளவர்களுக்கு இடமில்லை' என்று வாசலில் தொங்கிய பலகை அவர் எழுதிக் கொடுத்ததுதான்.

போன வெள்ளிக்கிழமை இங்கே பழம் கொடுக்க வந்த வலியசாலை விஜயலக்ஷ்மி அம்மாள் அலறியடித்துக்கொண்டு கமிட்டிக்குக் கடிதம் போட்டிருந்தாள். 'முத்தாரம்மாளைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஒரு அடி நகர விடுவதில்லையாம். அவள் வாயால் சொல்லி என் காதால் கேட்டேன்.'

சேஷன் கிழவியின் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். தழும்பு இல்லை. கட்டிலில் மூட்டைப்பூச்சி இல்லை. விரிப்பு வெளுத்துக் கிடந்தது. குளிக்கிற இடத்தில் ஒரு பொட்டுப் பாசி இல்லாமல் யாரோ தேய்த்து வைத்திருந்தார்கள்.

"இதெல்லாம் யார் பாத்துக்கறா?"

"சிவதாணு, சார். கிணத்துல தண்ணி கோருற ஆள்" என்றாள் மேட்ரன் லீலாபாய். சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓஹோ, அவன்தானா! "கூப்பிடுங்கோ அவரை!"

சிவதாணு கிணற்றுக் கயிறும் கையுமாக வந்து நின்றார். வயது அறுபத்தைந்துக்குக் குறையாது.

"முத்தாரம்மாளைக் கட்டினது நீர்தானே? மறைக்காம சொல்லும்."

சிவதாணுவின் முகம் செத்துப்போயிற்று. லீலாபாயைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சு போச்சா சாமி? நான்தான் கெட்டுனேன். மறைச்சது தப்புதான். என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவளை மட்டும் வெளிய தள்ளிராதீங்க."

"அவளை எதுக்கய்யா தள்ளணும்? தப்பு பண்ணினது நீர். இந்த நிமிஷமே வெளியே நடையும்!"

"அவ இங்க இருக்கலாமா? புண்ணியமாப் போகும் சாமி!" சிவதாணு கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வேலை போனவன் கும்பிடுகிறானே! சேஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குள் முத்தாரம்மாள் கட்டிலைத் தடவிக்கொண்டு எழுந்துவிட்டாள். "அவரு போறாருன்னா நானும் வாறேன்."

"என்னம்மா இது! கட்டினவனோடயா போறேள்?"

"கெட்டுனவரோட போவாம வேற யாரோட சாமி போவேன்?"

சேஷனுக்குச் சட்டென்று தன் வீட்டு ஞாபகம் வந்தது.

வீட்டில் அவர் மனைவி சீதாலக்ஷ்மி அவரை முப்பத்தெட்டு வருஷமாக 'ஏன்னா' என்றுதான் கூப்பிடுகிறாள். கோவிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொல்வாளே தவிர, 'சேஷன்' என்று ஒரு நாள் அவள் வாயில் வந்ததில்லை.

"பேர் சொல்லப்படாதுன்னு உங்களுக்குச் சொன்னது யாரு?" என்று மெல்லக் கேட்டார்.

"எனக்க அம்மை. தாலி கெட்டுன அன்னைக்கு." சேலைக்குள் மறைத்திருந்த தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் முத்தாரம்மாள்.

"அப்போ வெள்ளிக்கிழமை நீங்க சொன்னது?"

"பக்கத்துக் கட்டில் தாசம்மாகிட்ட ஒரு பெருமைக்குச் சொன்னேன் சாமி. கெட்டுன நாளு முதலா இந்த மனுசன் என்னைத் தனியா ஒரு அடி நடக்க விடமாட்டாருன்னு."

சிவதாணு தொண்டையைச் செருமினார். "இவளுக்குக் கண்ணு போன பொறவு, நான் வேலைக்குப் போன நேரம் அடுப்புத் தீ சேலையில பிடிச்சிட்டு சாமி. நல்ல காலம், பொழைச்சா. அதுக்கப்புறம் தனியா விட மனசு வரல்ல. நாதியில்லைன்னு பொய் சொல்லி இங்க சேர்த்தேன். அடுத்த வாரமே நானும் தண்ணி கோர வந்துட்டேன்."

சேஷன் வாசல் பலகையைப் பார்த்தார். எழுதினது அவர்தான். இப்போது அதைப் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை.

லீலாபாய் விசிட்டர் புஸ்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "சார், சட்டப்படி பார்த்தா..."

"சட்டப்படிதான் எழுதப்போறேன்" என்றார் சேஷன் விறைப்பாக.

கிழவனும் கிழவியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார். "ஓய் சிவதாணு, நீர் இந்த அம்மாளைக் கட்டினது எங்கே வச்சு?"

"தோவாளையில சாமி. அவ வீட்டு முற்றத்துல."

"அப்படிச் சொல்லும்!"

முப்பது வருஷமாகப் பொய் எழுதாத கை முத்து முத்தாக எழுதியது:

'நேரில் விசாரித்தேன். முத்தாரம்மாளை இந்த இல்லத்தில் வைத்து யாரும் கட்டவில்லை.'