திரும்பி வராத பாட்டில்கள்

“என்னோட ஆறு பாட்டிலும் எனக்கு இன்னைக்கே வேணும், மிஸ்டர் கிட்டின்ஸ்!”

டிராக்டர் படியில் உட்கார்ந்து சீஸ் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த வில்ஃப் கிட்டின்ஸுக்குப் புரையேறியது.

“எந்தப் பாட்டில், மிஸஸ் ப்ரீஸ்?”

“எந்தப் பாட்டிலா! வருஷத்துக்கு ஒண்ணா நான் உங்களுக்குக் கொண்டுவந்து குடுத்த ஜெல்லி பாட்டில்.”

நோரா ப்ரீஸ் கைத்தடியின் வளைவால் உயரத்துக் கிளையை இழுத்து, ஜெல்லிக்காக நன்றாகக் கறுத்த பிளாக்பெர்ரிப் பழங்களை மட்டும் கூடையில் போட்டார். விரலெல்லாம் ஊதாக் கறை, மணிக்கட்டெல்லாம் முள் கீறல். அதே வேலியில், ஜின் மதுவில் ஊறப்போடும் ஸ்லோ என்ற புளிப்புக் காய்களும் இருந்தன. அவை முதல் உறைபனி விழும்வரை காத்திருக்கும். பிளாக்பெர்ரி காத்திருக்காது. செப்டம்பர் கடைசியில் சாத்தான் வந்து அதன் மேலெல்லாம் துப்பிவிட்டுப் போவான் என்று இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பக்கம் ஒரு நம்பிக்கை. நம்பாதவர்களும் அதற்குப் பிறகு பறிப்பதில்லை. எதற்கு வம்பு?

வில்ஃபுக்கு வேலி வெட்டும் வேலை. பண்ணை பண்ணையாகப் போய், வயலோரத்து உயிர்வேலிகளை டிராக்டர் கத்தியால் மட்டம் தட்டுவார். இந்தச் சந்தில் மட்டும் ஒரு நாற்பதடி, மாதக் கடைசிவரை கத்தி படாமல் நிற்கும். ஏன் என்று கேட்ட பண்ணைக்காரரிடம், கத்தி மழுங்கிவிட்டது என்றார். வருஷா வருஷம் அதே இடத்திலா மழுங்கும் என்று அந்த மனிதருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

“காலி பாட்டிலுக்கா இவ்வளவு கோபம்?”

“கோபம் பாட்டில் மேல இல்ல.”

அந்த ஊரில் காலி பாட்டிலுக்கு ஒரு பாஷை உண்டு. ஒருவர் ஜாமோ ஜெல்லியோ கொடுத்தால், தின்று முடித்து, பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வந்தால், பிடித்திருக்கிறது, அடுத்த வருஷமும் கொடு என்று பொருள். வராவிட்டால், போதும் தாயே என்று பொருள். வாய் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள். கணவர் போய் எட்டு வருஷமாகத் தனியாக இருக்கும் நோரா, ஆறு வருஷமாக அந்தப் ‘போதும்’ காதிலேயே விழாத மாதிரி இருந்துவிட்டார்.

“லெஸ்டர்ல இருக்கிற என் தங்கச்சி, வீட்டை வித்துட்டு அங்கேயே வந்துடுன்னு கூப்பிடறா. சாயங்காலம் பதில் சொல்லணும்.”

வாய்க்குப் போன ரொட்டி பாதி வழியில் நின்றது. “அதுக்கும் பாட்டிலுக்கும்...?”

“சம்பந்தம் இருக்கு. நான் இந்த ஊர்ல இருக்கறது யாருக்காவது வேணுமான்னு தெரிஞ்சாகணும்.” சொல்லிவிட்டு, சிவந்த முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். “சரி, போன வருஷ ஜெல்லி எப்படி இருந்தது?”

“பிரமாதம்! டோஸ்ட்ல தடவினா, தேன் மாதிரி...”

“தேன் மாதிரியா? கிராம்பு டப்பா மொத்தமா கவுந்து போன ஜெல்லி அது. என் பாட்டிலைத் திறந்தப்பதான் எனக்கே தெரிஞ்சது. பல்வலிக்கு வேணா தடவலாம், டோஸ்ட்ல தடவ முடியாது!”

வில்ஃப் அவசரமாக ரொட்டியில் ஒரு கடி கடித்தார்.

“குப்பையில கொட்டினீங்களா? இல்ல, பன்னிக்குப் போட்டீங்களா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல.”

“அப்போ பாட்டில் எங்க?”

வில்ஃபின் கண் சந்துக்கு எதிரே இருந்த தன் வீட்டுப் பக்கம் போனது. “சமையலறையில இருக்கு. ஆனா இப்போ போகாதீங்க, வீடு ஒரே அலங்கோலமா...”

நோரா அதற்குள் பாதிச் சந்தைத் தாண்டியிருந்தார். ரொட்டியைப் போட்டுவிட்டு வில்ஃப் பின்னால் ஓடினார்.

சமையலறை ஜன்னலடியில் ஆறு பாட்டில்களும் வரிசையாக இருந்தன. மூடிமேல் கட்டிய பூப்போட்ட துணி அப்படியே, நூலின் முடிச்சு அப்படியே, கழுத்துவரை ஜெல்லியும் அப்படியே.

“ஒண்ணைக்கூடத் திறக்கல!” நோராவின் குரல் உடைந்தது. “ஆறு வருஷமா முள்ளுல கையைக் கிழிச்சுக்கிட்டு... எவ்வளவு பெரிய முட்டாள் நான்!”

“மிஸஸ் ப்ரீஸ், நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குப் பதில் கிடைச்சாச்சு. லெஸ்டருக்குப் போற பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

“எனக்கு சர்க்கரை வியாதிங்க. இனிப்புப் பக்கமே போகாதேன்னு டாக்டர் சொல்லி ஒன்பது வருஷமாச்சு. திங்கவும் வழியில்ல. கொட்டிட்டுக் கழுவித் தரவும் மனசு வரல.”

நோராவுக்குக் கோபம் போகாமலே அழுகையும் வந்தது.

“ஒன்பது வருஷமா? அப்போ முதல் பாட்டிலை நீட்டினப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, மனுஷா!”

வில்ஃப் தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பைத் திருகிக்கொண்டே நின்றார்.

“சொல்லியிருந்தா, அடுத்த வருஷம் நீங்க வந்திருக்க மாட்டீங்களே.”