தோட்டத்து வளைவு

அவள் கையை உயர்த்தினாளா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. 1984-இல் நான் மலேசியாவின் செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டினேன்.

“தோட்டத்து வளைவுல பொம்பளப் பேய் நிக்கிதாம்லா. மெதுவாப் போனா ஏறிக்குமாம்,” என்றான் கூட்டாளி சேது.

“ஏறுறதுக்குள்ள மிதிச்சிப் பறந்துருவேன்டா!” என்று சிரித்தேன்.

மறுநாள் விடியற்காலை மூடுபனியில் சிவப்புச் சேலை ஒன்று தெரிந்தது. மிதித்தேன்.

காவல் நிலையத்தில் அந்தச் சேலைக்காரி அம்சவள்ளியின் கணவர் நல்லசாமி சொன்னார்:

“ரோட்டுல மேடு போடச் சொல்லி மூணு மனு குடுத்தா. யாரும் கேக்கல. பேயின்னா லோரிங்க பயந்து மெதுவாப் போவும்னு அவதான்யா அந்தக் கதைய கட்டிவிட்டா. இன்னிக்கு ஸ்கூல் பிள்ளைங்கள ரோட்டத் தாண்ட வைக்க நின்னா.”

அம்சவள்ளி இறந்துவிட்டாள். நல்லசாமி தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். நான் சிறைக்குப் போய் வந்தேன். வளைவில் மேடு போடவில்லை. அங்கே சிவப்புச் சேலையில் ஒருத்தி நிற்பதாக லோரிக்காரர்கள் சொல்கிறார்கள். யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை.